பூமி பூஜைக்கு முன்பே வாருங்கள்

வண்டலூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரை, ஜி.எஸ்.டி. சாலைக்குக் கிழக்கிலும் மேற்கிலும் இயங்கும் குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், ஒழுங்காகச் சந்தா கட்டும் உறுப்பினர்கள், கட்டாத உறுப்பினர்கள் அனைவருக்கும் ஒரு மடல்.

உங்கள் மனுக்கள் எனக்குப் பழக்கமானவை. புதிதாகப் போட்ட தார்ச்சாலை முதல் மழையிலேயே பெயர்ந்துவிட்டது என்பீர்கள். வடிகால் கட்டியும் தண்ணீர் தெருவிலேயே நிற்கிறது என்பீர்கள். சிமென்ட் சாலை உயர்ந்து வீட்டு வாசல் பள்ளமாகிவிட்டது என்பீர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இவையெல்லாம் வேலை முடிந்த பிறகு எழுதியவை. அதற்கு முன்பும் ஒரு மனு போயிருக்கும்: "எங்கள் தெருவுக்குச் சாலை வேண்டும்" என்று. அந்த மனுவுக்கும் இந்த மனுவுக்கும் நடுவே பல மாதங்கள் ஓடுகின்றன. என்ன வேலை, எவ்வளவு பணம், யார் செய்வது என்பதெல்லாம் முடிவாவது அந்த மாதங்களில்தான். அப்போது சங்கங்களின் சத்தமே கேட்பதில்லை. பூமி பூஜைக்குத் தேங்காய் உடைக்கும்போது வருகிறோம், சால்வை போடுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். கல்யாணப் பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று விசாரிப்பதைப் போல, அதன் பிறகுதான் நமக்குச் சந்தேகங்கள் வருகின்றன.

நடுவில் ஓடும் அந்த மாதங்களைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில், டெண்டர் விடுவது யார் என்பதிலேயே நமக்குக் குழப்பம் இருக்கிறது. பெருங்களத்தூரும் பீர்க்கன்காரணையும் 2021 நவம்பர் வரை பேரூராட்சிகள். அதன் பிறகு தாம்பரம் மாநகராட்சியின் வார்டுகள். அங்கிருந்து தெற்கே வந்தால் வண்டலூரும் ஊரப்பாக்கமும் ஊராட்சிகளாகவே வளர்ந்தவை. அடுத்து நந்திவரம்–கூடுவாஞ்சேரி நகராட்சி. பொத்தேரியும் காட்டாங்குளத்தூரும் மறைமலை நகர் நகராட்சிக்குள் வருகின்றன. சிங்கப்பெருமாள் கோயிலில் மறுபடியும் ஊராட்சி. 39 கிராம ஊராட்சிகளைக் கொண்ட ஒன்றியத்துக்குக் காட்டாங்குளத்தூர் என்று பெயர். அந்தப் பெயரைக் கொடுத்த ஊரோ நகராட்சியில் இருக்கிறது. செங்கல்பட்டு மின்ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் இத்தனை ஆட்சிகளையும் ஒரே பயணத்தில் கடந்துவிடலாம். போதாததற்கு, ஜி.எஸ்.டி. சாலை தேசிய நெடுஞ்சாலை. வேறு சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. ஊராட்சிக்குள்ளும் சிறு வேலைகளை ஊராட்சியே பார்க்கும். பெரிய வேலைகள் ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரின், அதாவது பி.டி.ஓ.வின் கையெழுத்துக்குப் போகும். ஆகவே, "கவுன்சிலரிடம் சொல்லியாயிற்று" என்று திருப்திப்படும் முன், அந்தத் தெரு யாருடைய பதிவேட்டில் இருக்கிறது என்று கேட்பது நல்லது. தவறான கதவைத் தட்டிவிட்டு ஆறு மாதம் காத்திருக்கும் சங்கங்கள் நம்மில் உண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்ததாரர் தேர்வாவது கவர் திறக்கும் நாளில் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டப்படி அதுதான் சரி. நடைமுறையில் பாதித் தேர்வு எஸ்டிமேட் எழுதும்போதே முடிந்துவிடுகிறது. மீதியில் பெரும்பகுதி டெண்டர் நிபந்தனைகளை எழுதும்போது முடிகிறது. கவரில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

எஸ்டிமேட் என்றால் விலைச்சீட்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வேலையே அதுதான். பழைய தளத்தின் மேல் எத்தனை மில்லிமீட்டர் தார்க்கலவை, அதற்கு அடியில் ஜல்லித் தளம் உண்டா, சாலையின் இரு ஓரத்திலும் மண் நிரப்புவதா, குடிநீர்க் குழாயை நகர்த்துவது யார் செலவு என்று ஒவ்வொன்றும் ஒரு வரியாக அதில் இருக்க வேண்டும். பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு வரிக்கும் விலை போடுவார்கள். பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி. எஸ்டிமேட்டில் இல்லாத வரியை ஒப்பந்ததாரர் செய்ய மாட்டார். செய் என்று அவரை வற்புறுத்த நமக்கு உரிமையும் இல்லை. அவருக்கு அதற்குப் பணம் வராது.

ஒரு உதாரணம். 2021 மே மாதம், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு ஒரு அறிவுறுத்தல் அனுப்பினார். சாலை போடும்போது பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தளம் போட வேண்டும். சாலை உயர்ந்து வீடுகள் பள்ளத்தில் போகக் கூடாது என்பது அதன் சாரம். அன்றைக்கு எல்லாச் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அது சுற்றியது, கைதட்டும் பொம்மைகளோடு. அதன் பிறகும் நம் பகுதியில் சாலைகள் உயர்ந்தன. ஏன்? சுரண்டுவதற்கு எஸ்டிமேட்டில் ஒரு வரி வேண்டும். அந்த வரி இருந்தால் மில்லிங் இயந்திரம் வேண்டும். இயந்திரம் வைத்திருப்பவர், அல்லது வாடகைக்குக் கொண்டுவரக்கூடியவர் மட்டுமே போட்டிக்கு வருவார். அந்த வரி இல்லையென்றால் ஒரு ரோலரும் நாலு ஆட்களும் வைத்திருப்பவரும் வரலாம், பழையதன் மேல் புதியதை ஊற்றிவிட்டுப் போகலாம். ஒற்றை வரி, வருகிற ஆளையும் மாற்றுகிறது, உங்கள் வாசல்படியையும் மாற்றுகிறது. தெரு மக்கள் அந்தத் தாளைப் பார்த்திருந்தால், "சுரண்டும் வேலை எங்கே சார்?" என்று அன்றைக்கே கேட்டிருப்பார்கள். கேட்க ஐந்து நிமிடம் ஆகும்.

வடிகால் கதை இன்னும் மோசம். ஆதனூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி ஏரிகளின் தண்ணீர் மண்ணிவாக்கம், வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக அடையாற்றுக்குப் போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அது எப்படிப் போனது என்பதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அதன் பிறகு வடிகால்கள் நிறையக் கட்டினோம். ஒரு வடிகாலுக்கு எஸ்டிமேட் எழுதும்போது மட்டம் பார்த்திருக்க வேண்டும்: தண்ணீர் எந்த உயரத்தில் நுழைகிறது, எங்கே போய் விழுகிறது. நிதி ஒரு தெருவுக்குத்தான் இருக்கிறதென்றால் வரைபடம் அந்தத் தெருமுனையோடு நின்றுவிடும். கான்கிரீட் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், முனையில் போக்கிடம் இல்லாத வடிகால் நீளமான தொட்டிதான். அந்த வேலையை எடுத்தவரைத் திட்டிப் பயனில்லை. அவர் தாளில் இருந்ததைக் கட்டினார்.

அடுத்தது நிபந்தனை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998ஆம் ஆண்டு வந்தது. 2000 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் இப்படி ஒரு சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலங்களில் நாமும் ஒன்று என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அதன் விதிகள் மோசமானவை அல்ல. இரண்டு கோடி ரூபாய் வரையான வேலைக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள் அவகாசம் தர வேண்டும். அவகாசத்தைக் குறைத்தால் மேலதிகாரியின் அனுமதியும் எழுத்தில் காரணமும் வேண்டும். முன்வைப்புத் தொகை, அதாவது இ.எம்.டி., வேலை மதிப்பில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அறிவித்த அளவுகோலின்படி மதிப்பிட்டுக் குறைந்த ஒப்பந்தப்புள்ளியை ஏற்க வேண்டும். அந்தப் புள்ளியும் அதிகமாகத் தெரிந்தால் அதைப் போட்டவரோடு மட்டுமே பேரம் பேசலாம். இரண்டாமவரைத் தனியே கூப்பிட்டுப் பேச முடியாது. யாருக்குக் கொடுத்தோம், மற்றவர்களை ஏன் ஒதுக்கினோம் என்பதை டெண்டர் இதழுக்கு அனுப்பி வெளியிட வேண்டும். மாவட்ட டெண்டர் இதழ் என்று ஒன்று வெளியாகிறது என்பதாவது நம் சங்கங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சட்டம் இவ்வளவு சொல்லியும், யார் விண்ணப்பிக்கத் தகுதியானவர் என்று எழுதும் பேனா அலுவலகத்தில்தான் இருக்கிறது. ஐந்து தெரு வேலையைத் தனித்தனியாக விட்டால் உள்ளூர்க்காரர் நாலைந்து பேர் போட்டிக்கு வரலாம். ஐந்தையும் ஒரே பேக்கேஜாகக் கட்டினால் பெரிய பதிவுச் சான்றும் பெரிய வங்கி இருப்பும் உள்ளவர் மட்டும் வருவார். சொந்தமாகத் தார்க்கலவை ஆலை இருக்க வேண்டும் என்று சேர்த்தால் இன்னும் குறையும். எதிர்ப்பக்கமும் உண்டு: பெரிய வேலையைத் துண்டு துண்டாக்கினால், மேலிடத்துத் தொழில்நுட்ப அனுமதியையும் நீண்ட அவகாசத்தையும் தவிர்த்துவிடலாம். பேக்கேஜுக்கு நியாயமான காரணம் இருக்க முடியும், துண்டாக்குவதற்கும் இருக்க முடியும். காரணத்தை யாராவது கேட்கிறார்களா என்பதுதான் வித்தியாசம். கேட்பவர் இல்லாத இடத்தில் எந்தக் காரணமும் தேவைப்படுவதில்லை.

கவர் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டெண்டர் பெட்டி காலத்தை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். பெட்டி இருக்கும் அலுவலக வாசலில் அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சட்டைகள் நிறைய நிற்கும். வெளியூர்க்காரர் கவரோடு உள்ளே போக முடியாது. போனாலும் கவரோடு திரும்ப வேண்டியதுதான். மின்னணு டெண்டர் அந்தக் கூட்டத்தைக் கலைத்தது. அது உண்மையான முன்னேற்றம், குறைத்துச் சொல்லக் கூடாது. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் மாநில அரசின் டெண்டர் தளத்தில் அறிவிப்பைப் படிக்கலாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே புள்ளி போடலாம். ஆனால் வாசலில் நின்றவர்கள் பேசி முடித்துக்கொள்வதை எந்தக் கணினி தடுக்கும்? தொழிலில் இதற்கு ரிங் என்று பெயர். இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு. நான் உனக்காகக் கொஞ்சம் அதிகமாகப் புள்ளி போடுகிறேன், நீ அடுத்த முறை எனக்காகப் போடு. சென்னை, கோவை மாநகராட்சி டெண்டர்களில் போட்டியாளர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் ஒரே இணைய முகவரியிலிருந்து புள்ளிகளை ஏற்றியிருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை அறப்போர் இயக்கம் எழுப்பியது. 2021 ஆகஸ்டில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்து பல இடங்களில் சோதனையும் நடத்தியது. அதில் முன்னாள் அமைச்சர் ஒருவர் மீது பதிவான முதல் தகவல் அறிக்கையை 2022 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கின் போக்கு எப்படியோ போகட்டும். தோற்றவர்களின் புள்ளிகளையும் படிக்க வேண்டும் என்ற பாடத்தை அது பொதுமக்களுக்குக் கற்றுக் கொடுத்தது.

அதைத்தான் நீங்களும் பார்க்க வேண்டும் என்கிறேன். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள்? ஒரே ஒருவரா? மூன்று பேர் என்றால் மூன்று புள்ளிகளும் எஸ்டிமேட்டை ஒட்டியே, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றனவா? தோற்றவரின் லாரி வென்றவரின் வேலைக்கு ஜல்லி இறக்குகிறதா? கடைசிக் கேள்விக்குப் பதில் எந்த ஆவணத்திலும் கிடைக்காது. உங்கள் தெருவில் காலையில் பால் வாங்கப் போகிறவருக்குத் தெரியும்.

குறைந்த புள்ளிக்கே கொடுப்பதுதான் நம் பாதி நோய்க்குக் காரணம் என்று சில பொறியாளர் நண்பர்கள் சொல்வார்கள். முழுக்க மறுக்க மாட்டேன். ஆனால் மாற்று என்று சொல்லப்படுவதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இத்தாலியில் மிகக் குறைந்த புள்ளியை ஒதுக்கிவிட்டு, எல்லாப் புள்ளிகளின் சராசரியை ஒட்டி வருபவருக்கு வேலை கொடுக்கும் முறையைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள். ரொம்ப நியாயமாகத் தோன்றுகிறது அல்லவா? டூரின் நகரில் ஒப்பந்ததாரர்கள் கூட்டணி போட்டு, தங்களுக்குள் புள்ளிகளைப் பகிர்ந்து, சராசரியையே தாங்கள் விரும்பிய இடத்துக்குத் தள்ளினார்கள். அங்கே நீதிமன்றம் வரை போன வழக்கில் இப்படி எட்டுக் கூட்டணிகள் வெளியே வந்தன. அந்த நகரம் 2003இல் குறைந்த புள்ளி முறைக்கு மாறியது. விலை இறங்கியது, வேலை இழுத்தடிப்பதும் பின்னால் செலவு ஏறுவதும் கூடின. எந்த முறையை வைத்தாலும் அதற்கு ஏற்ற தந்திரம் பிறக்கும். முறையை மாற்றச் சொல்லிக் கோட்டைக்கு மனு எழுதுவதைவிட, இருக்கிற முறையில் நம் தெருத் தாளைப் படிப்பது எளிது.

ஒப்பந்ததாரர்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்த மடல் நேர்மையாக இருக்காது. சிறு ஒப்பந்ததாரரின் பிழைப்பு நாம் நினைக்கிற பிழைப்பு அல்ல. எம்-சாண்ட் விலையும் தார் விலையும் ஏறும். விலை விகிதப் பட்டியல் ஆண்டுக்கு ஒரு முறைதான் மாறும். வேலை முடித்து, ஓவர்சியர் அளந்து எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதி, மேலே இருப்பவர் சரிபார்த்து, பில் போட்டு, நிதி வரும்வரை காத்திருக்க வேண்டும். இதற்குள் வட்டிக்காரர் வாசலுக்கு வந்துவிடுவார். எஸ்டிமேட்டைவிட மிகவும் கீழே புள்ளி போட்டிருந்தால் கூடுதல் காப்புத் தொகையும் கட்ட வேண்டும். நடுவில் எந்தெந்த மேஜைக்கு எத்தனை சதவீதம் என்று எல்லோரும் பேசிக்கொள்கிற, யாரும் எழுதிவைக்காத கணக்கு வேறு. இவ்வளவும் போக மிஞ்சுவதில்தான் லாபம் பார்க்க வேண்டும். எங்கிருந்து எடுப்பார்? கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து. தளத்தின் கனத்தில், கம்பியின் எண்ணிக்கையில், சிமென்ட் மூட்டைகளில், தண்ணீர் விட்டு ஆறவைக்கும் நாட்களில். நல்லபடி வேலை செய்யும் ஒப்பந்ததாரர் சிலர் உள்ளாட்சி வேலையே வேண்டாம் என்று தனியார் அடுக்ககம் கட்டப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில்தான் நாம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கவுன்சிலரே ஒப்பந்ததாரராக இருப்பது பற்றி ஒரு பக்கக் குறிப்பு. உள்ளாட்சியோடு நடப்பிலுள்ள ஒப்பந்தத்தில் பங்கு வைத்திருப்பவர் அதன் உறுப்பினராக இருக்கச் சட்டப்படி தகுதி இல்லை. எனவே மைத்துனர்கள் தொழிலதிபர்களாகிறார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டை மேடையில் பேசாத உள்ளாட்சிப் பிரமுகர் இல்லை. நமக்கு ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிற அந்தக் கல்லில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினர்களும் தகுதியிழப்பார்கள் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே பட்டியலிட்டு வெட்டியிருக்கிறது. மைத்துனர்களைப் பற்றி அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. மேடையில் பேசுபவர்கள் அந்தப் பகுதிக்கு மட்டும் வருவதில்லை.

ஒப்பந்ததாரரே வேண்டாம் என்றால் என்ன? கேட்கத் தக்க கேள்விதான். நூறு நாள் வேலைச் சட்டம் 2005இல் வந்தபோது ஒப்பந்ததாரர் கூடாது என்றே எழுதினார்கள். நமக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கத்தில் 1996 முதல் இரண்டு முறை ஊராட்சித் தலைவராக இருந்த ஆர். இளங்கோ வேதிப் பொறியியல் படித்து, நல்ல வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர். ஊரில் வடிகால் கட்டும்போது, எஸ்டிமேட்டில் சொன்னபடி செய்யாமல், அருகிலிருந்த ஆலையில் கழிவாகக் கிடந்த கருங்கல் பலகைகளை வைத்து ஊர்க்காரர்களைக் கொண்டே கட்டினார். செலவு குறைந்தது, வடிகாலும் கெட்டியாக இருந்தது. மதிப்பீட்டை மீறினார் என்று அவரை இடைநீக்கம் செய்தார்கள். ஊர் சும்மா இருக்கவில்லை. கிராம சபையில் பெருந்திரளாகக் கூடி அவர் பக்கம் நின்றது. விசாரணைக்குப் பிறகு பதவி திரும்பியது. இந்தக் கதையைத் தனிமனித சாகசமாகச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: தாளில் என்ன எழுதியிருந்தது, தரையில் என்ன கட்டியது என்ற இரண்டுமே அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது. தெரியாத ஊராக இருந்திருந்தால் தலைவர் வீட்டுக்குப் போயிருப்பார், அவ்வளவுதான்.

கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில், பயனாளிகளே குழு அமைத்து வேலையை எடுத்துச் செய்யலாம் என்றார்கள். பல ஊர்களில் நன்றாக நடந்தது. பல ஊர்களில் குழுவின் பெயரில் பழைய ஒப்பந்ததாரரே வேலை செய்தார். பினாமி என்ற சொல்லுக்கு மலையாளத்திலும் அதே பொருள்தான். நம் மாநிலத்தின் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பணம் போட வேண்டும். பாதி அல்லது அதற்கு மேல் போட்டால் வேலையையே தாங்கள் எடுத்துச் செய்ய வழி இருக்கிறது. பணம் திரட்டும் வலிமையுள்ள சங்கங்கள் இதை யோசிக்கலாம். ஆனால் பூங்காவுக்கும் நடைபாதைக்கும் அது சரி. தெருவுக்கும் வடிகாலுக்கும் காசு உள்ள நகர்களே முந்திக்கொள்ளும், பக்கத்துக் காலனி பின்தங்கும் என்ற கவலை எனக்கு உண்டு. வரி கட்டியாயிற்று, இனி வேலையை ஒழுங்காக வாங்குவோம் என்பதே என் கட்சி.

எப்படி வாங்குவது? இங்கே சட்டத்தில் ஒரு வேடிக்கை. டெண்டர் முடிவில் குறை இருந்தால் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். யார் செய்யலாம்? டெண்டர் போட்டவர் மட்டும். அந்தச் சாலையில் தினமும் நடக்கப் போகிறவருக்கு அங்கே இடமில்லை. நமக்கு இருப்பது கேள்வி கேட்கும் உரிமை. அது சின்ன ஆயுதம் அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை வெறும் பதில் வாங்கும் சட்டமாகவே பயன்படுத்துகிறோம். அதன் 2ஆம் பிரிவிலேயே, நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை சொல்லப்பட்டிருக்கிறது. சாலையில் போட்ட கலவையின் மாதிரியைக் கொடுங்கள் என்று 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேட்கலாம். இந்தச் சட்டமே இப்படிப்பட்ட கணக்கிலிருந்து பிறந்ததுதான். 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில், ஊராட்சி வேலைகளின் பில்களையும் கூலிப் பட்டியலையும் ஊர் நடுவில் உட்கார்ந்து உரக்கப் படித்தார்கள். கட்டாத கட்டடத்துக்குப் பில் இருந்தது, வேலை செய்யாதவருக்குக் கூலி இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த கூட்டம் அது. நம் சங்கங்களிலோ ஓய்வு பெற்ற பொறியாளர் இல்லாத சங்கமே இல்லை; பொத்தேரி பக்கம் சிவில் படிக்கும் பிள்ளைகள் வேறு ஏராளம்.

படிக்க மேடையும் இருக்கிறது. கிராம சபை ஆண்டுக்கு நான்கு நாளாக இருந்தது, 2022 முதல் ஆறு நாளானது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பத்தாயிரத்துக்கு மேல் மக்கள் உள்ள ஊராட்சியில் குறைவெண் 300 பேர். ஊரப்பாக்கம் போன்ற ஊராட்சிகளில் அடுக்ககங்களில் குடியிருப்பவர்கள் கிராம சபையா, அது கிராமத்துக்காரர்களுக்கு என்று நினைத்து விடுமுறையை வீட்டிலேயே கழிக்கிறார்கள். ஊராட்சிப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அவரும் கிராம சபை உறுப்பினர். நகராட்சி, மாநகராட்சிகளில் பகுதி சபை வந்துவிட்டது. 2022 நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். அன்றைக்குக் கூட்டம் நிரம்பியது. முதலமைச்சர் வராத பகுதி சபைக்கும் போகலாம்.

எந்தக் காலத்தில் டெண்டர் விடுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தல் நடக்காததால், 2016 அக்டோபரிலிருந்து நம் மாவட்டத்து ஊராட்சிகளில் 2021 அக்டோபர் வரையும், நகரப் பகுதிகளில் 2022 பிப்ரவரி வரையும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. அத்தனை ஆண்டுகளும் தனி அலுவலர்கள்தான் எஸ்டிமேட்டுக்கும் கையெழுத்திட்டார்கள், டெண்டரையும் ஏற்றார்கள். 2021இல் தேர்வான ஊராட்சி மன்றங்களின் காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. பதவிக்காலத்தின் கடைசி மாதங்களில் வேலை உத்தரவுகள் வேகமாக நகரும். மார்ச் மாதத்தில் நிதி காலாவதியாகிவிடும் என்று நகர்வதைப் போலவே. அவசரத்தில் விடும் டெண்டர்களுக்குத்தான் அவகாசம் குறையும், போட்டியும் குறையும்.

ஆகவே சங்கங்களிடம் நான் கேட்பது பெரிய போராட்டம் எதையும் அல்ல. உங்கள் சங்க எல்லைக்குள் இந்த ஆண்டு எடுக்கப்போகும் வேலைகளின் பட்டியலை ஊராட்சிச் செயலரிடமோ நகராட்சிப் பொறியாளரிடமோ எழுத்தில் கேளுங்கள். அதில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் பிடிக்கப் போனால் எதுவும் நடக்காது. அதன் எஸ்டிமேட் நகலை, தொழில்நுட்ப அனுமதிக்குப் போகும் முன்பே வாங்க முயலுங்கள். நம் சங்கத்துப் பொறியாளரை அந்தத் தெருவில் ஒரு மாலை நடக்கவிட்டு, தாளில் இல்லாததை எழுதச் சொல்லுங்கள். சுரண்டும் வேலை இருக்கிறதா, தண்ணீர் போகும் இடம் இருக்கிறதா, பின்னால் பழுது வந்தால் எத்தனை மாதம் ஒப்பந்ததாரர் பொறுப்பு என்று இருக்கிறதா. அதைத் தீர்மானமாக்கி அடுத்த கிராம சபையிலோ பகுதி சபையிலோ பதிவு செய்யுங்கள். டெண்டர் அறிவிப்பு வந்த நாளையும் கடைசி நாளையும் குறித்துக்கொண்டு இடைவெளியை எண்ணுங்கள். புள்ளிகள் திறந்த பிறகு எத்தனை பேர் போட்டார்கள், யார் எவ்வளவு என்ற ஒப்பீட்டுப் பட்டியலைக் கேளுங்கள். வேலை தொடங்கியதும் எம்-புக் எழுத வரும் ஓவர்சியருக்கு மரியாதையாக ஒரு நாற்காலி போட்டு, அவர் அளப்பதை இரண்டு பேர் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் தப்பாக நினைக்க மாட்டார். யாரும் வந்து நிற்காத வேலைகளில்தான் மேலிருந்து வரும் அழுத்தம் அவர் தலையில் விழுகிறது.

ஒரு சங்கம் ஒரு வேலையை இப்படி முழுதாகப் பார்த்து முடித்தால், எஸ்டிமேட், ஒப்பீட்டுப் பட்டியல், எம்-புக் மூன்றின் நகலையும் பக்கத்துச் சங்கத்துக்குக் கொடுங்கள். ஒரே பெயர்கள் எத்தனை பட்டியல்களில் வருகின்றன, யார் எப்போதும் இரண்டாவதாக வருகிறார் என்பது அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மறைமலை நகரில் ஒருவர், கூடுவாஞ்சேரியில் ஒருவர், ஊரப்பாக்கத்தில் ஒருவர், வண்டலூரில் ஒருவர் என்று அந்தத் தாள்களைச் சேர்த்துவைக்க முன்வந்தால் போதும். காட்டாங்குளத்தூருக்கு நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ரயில் நிலையத்துக்குக் கிழக்கே குடியிருக்கும் உங்களில் ஒருவன்,
காட்டாங்குளத்தூர்